தலைகீழாக விழ ஆசையா? முதலில் பையைப் பாருங்கள்

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். இதுவரை எல்லாப் பாராசூட் குதிப்பும் வயிற்றுவாக்கில்தான், எண்பதைத் தாண்டிவிட்டேன். இனி உட்கார்ந்த நிலையிலும் தலைகீழாகவும் விழும் ஃப்ரீஃப்ளை பழக ஆசை. கிளப்பில் ஒரு அண்ணன் 1990களில் செய்த ரிக் ஒன்றை, அதாவது முதுகில் மாட்டும் பாராசூட் செட்டை, மலிவாகத் தருகிறார். 210 சதுர அடி மெயினுக்கான (முதன்மைப் பாராசூட்) பையாம். இப்போது உள்ளே இருப்பது 170. என் எடை 78 கிலோ. வாங்கலாமா? இல்லை, முதலில் நல்ல ஃப்ரீஃப்ளை சூட்டும் முழு முக ஹெல்மெட்டும் வாங்கட்டுமா?

பதில்: அந்த ரிக் வேண்டாம் தம்பி. சூட்டும் ஹெல்மெட்டும் அடுத்த வருடம் வாங்கினாலும் குடி முழுகிப் போகாது. கையில் இருக்கும் பணத்தை வேறு ரிக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வயிற்றுவாக்கில் விழும்போது மணிக்கு 190 கிலோமீட்டர் சுமாருக்குப் போகிறீர்கள். தலைகீழாகத் திரும்பினால் 250, 270 என்று எளிதாக ஏறும். காற்றின் இழுவை வேகத்தின் இருமடியில் கூடுவதால், 270-ல் பாராசூட் விரிந்தால் உடம்பும் துணியும் வாங்கும் அடி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திறக்க நினைக்கும்போது நீங்களே வயிற்றுவாக்குக்குத் திரும்பி, சில வினாடி வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் ஷூட்டை எறிவீர்கள். அதில் பிரச்சினை இல்லை. நீங்கள் கேட்காமலேயே பை திறந்துகொண்டால்தான் ஆபத்து. அவசரத்துக்கான மாற்றுப் பாராசூட்டான ரிசர்வுக்கும் எல்லை உண்டு. பல ரிசர்வ்களின் லேபிளில் அதிகபட்ச எடை 254 பவுண்டு, வேகம் 150 நாட் என்று அச்சடித்திருப்பார்கள். 150 நாட் என்றால் 278 கிலோமீட்டர். தலைகீழாகப் போகிறவர் அந்த எண்ணைத் தொட்டுவிட முடியும் என்பதால், வாங்கும் ரிசர்வின் லேபிளை உங்கள் கண்ணால் படித்துப் பாருங்கள்.

உங்கள் அண்ணனின் ரிக்கில் எனக்கு முதலில் உறுத்துவது அந்த 210-க்கும் 170-க்கும் உள்ள இடைவெளி. பெரிய பைக்குள் சின்ன மெயினைத் திணித்தால் மடல்கள் தளர்ந்து நிற்கும், பையை மூடிவைக்கும் கயிற்று வளையமான க்ளோசிங் லூப்பில் இறுக்கம் இருக்காது, அதில் செருகும் பின் என்ற உலோக ஊசி தன் இடத்தில் சும்மா கிடக்கும். விமானக் கதவில் முதுகு உரசினாலே அது நழுவக்கூடும். பின் மட்டும் கழன்று, பைலட் ஷூட் இன்னும் தன் உறையிலேயே இருந்தால் மெயின் பை வெளியே வந்து முதுகுக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும். குதிரைலாடம் என்று பெயர் வைத்திருக்கும் கோளாறு இதுதான். எந்தப் பயிற்சியாளரும் தன் மாணவனுக்கு வரக்கூடாது என்று நினைப்பது. லூப்பை இன்னும் சுருக்கிக் கட்டலாமே என்பீர்கள். ஓரளவுக்குச் செய்யலாம், 40 சதுர அடி வித்தியாசத்தை அது ஈடுகட்டாது.

இரண்டாவது, அந்தக் காலத்து ரிக் பலவற்றில் ரைசர் (தோளிலிருந்து பாராசூட்டுக்குப் போகும் பட்டை) மூடியும் பின் ஊசியின் மூடியும் வெல்க்ரோ. வெல்க்ரோ தேயும். தேய்ந்தபின் வயிற்றுவாக்கில் சமாளித்துவிடும். முதுகுப்பக்கமும் தோள்பக்கமும் நேராகக் காற்று அறையும்போது பிய்த்துக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது செருகி மூடும் மடல்கள். போட்டுப் பார்க்கும்போது தோளைக் குலுக்குங்கள், தரையில் மல்லாந்து படுங்கள், சுவரில் முதுகைத் தேயுங்கள். ரைசர் மூடி ஒருமுறை படக்கென்று திறந்தாலும் அந்த ரிக்கை வைத்துவிட்டு வாருங்கள்.

பைலட் ஷூட் பையின் அடியில் ஸ்பான்டெக்ஸ் உறையில் இருக்க வேண்டும். கால்பட்டையில் இருக்கும் பழைய ஏற்பாடு ஃப்ரீஃப்ளைக்கு ஆகாது. அந்த ஸ்பான்டெக்ஸ் நாளாக நாளாக ஊளைச்சதை மாதிரி தளரும், தளர்ந்தால் ரிக்கர் (பாராசூட் பழுதுபார்ப்பவர்) பெரிய செலவில்லாமல் மாற்றிக் கொடுப்பார். உறையிலிருந்து பின் ஊசி வரை போகும் பிரைடில் பட்டை துளியும் வெளியே தெரியக்கூடாது. காற்றுக்கு ஒரு விரல் அளவு வளையம் கிடைத்தால் போதும். கைப்பிடியும் தொங்கும் பந்து வகையாக இல்லாமல், உறைக்குள் ஒட்டி உட்காரும் குட்டைக் குழாய் வகையாக இருக்கட்டும்.

ரிசர்வ் கைப்பிடி உலோக வளையமா, மெத்தை வகையா என்பதில் ரிக்கர்களிடையே சண்டை உண்டு. மெத்தை எதிலும் மாட்டாது. உலோகம் பதற்றத்திலும் கைக்குச் சிக்கும், கோளாறான மெயினைக் கழற்றிவிடும் கட்அவே மெத்தையோடு குழம்பாது. குழுவாகப் பறந்து ஒருவரை ஒருவர் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் நான் மெத்தை பக்கம்தான்.

ஹார்னஸ் (ரிக்கை உடம்பில் கட்டும் பட்டைகள்) உங்கள் உடம்புக்கு அளந்ததாக இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை! உட்கார்ந்த நிலையில் கால்பட்டைகள் தொடையிலிருந்து முழங்காலை நோக்கி நழுவும். இரண்டு பட்டைகளையும் பின்பக்கம் இணைக்கும் ஒரு எலாஸ்டிக் கயிறு அதைத் தடுக்கும்; மிக மலிவான பாதுகாப்பு. பட்டைகளின் மிச்ச நுனிகளையும் சுருட்டி எலாஸ்டிக்கில் செருகிவிடுங்கள். அந்த வேகத்தில் அவை முகத்தில் சவுக்கடி கொடுக்கும்.

அடுத்தது உயரம். வேகம் கூடுவதால், 12,000 அடியிலிருந்து விழும் நேரத்தில் சுமார் 10 வினாடி காணாமல் போகும். தலை கீழே இருக்கும்போது மணிக்கட்டைப் பார்க்கவும் மறக்கும். அதனால் ஹெல்மெட்டுக்குள் ஒலிக்கும் ஆல்டிமீட்டர் (உயரங்காட்டி) கட்டாயம், கைக்கடிகார வகையும் கூடவே. உடம்பின் பின்பக்கக் காற்றுச்சுழலில் மாட்டினால் மணிக்கட்டு ஆல்டிமீட்டர் சில நூறு அடி தப்பாகக் காட்டும். எனவே ஒன்றையே நம்பாதீர்கள்.

தானாக ரிசர்வைத் திறக்கும் கருவி, அதாவது ஏஏடி, இல்லாத ரிக்கை நான் பேச்சுக்கே எடுப்பதில்லை. சைப்ரெஸ் 2 என்ற ஏஏடியை எடுத்துக்கொண்டால், அதன் எக்ஸ்பர்ட் வகை சுமார் 225 மீட்டர் உயரத்தில், வினாடிக்கு 35 மீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் வேலை செய்யும். பழைய ரிக்கோடு வரும் ஏஏடி ஆயுள் முடிந்ததா, சர்வீஸ் தேதி தாண்டியதா என்று பாருங்கள். முடிந்தது என்றால் அதன் மதிப்பு பூஜ்யம் என்று வைத்தே பேரம் பேசுங்கள். டர்பன்காரர்களுக்கு இன்னொன்று. ஜோகன்னஸ்பர்க் பக்கம் குதிக்கப் போகும்போது ஏஏடியை வீட்டிலேயே ஆன் செய்துவிட்டு என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். ஆன் செய்யும் இடத்தையே அது தரை என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், குதிக்கும் இடத்துத் தரையில்தான் ஆன் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

அந்த உயரம் வேறு விதத்திலும் விளையாடும். 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. விழும் வேகமும் தரையிறங்கும் வேகமும் 7, 8 சதவீதம் கூடும்; டிசம்பர் மதியவெயிலில் இன்னும் கூடும். உங்கள் 78 கிலோவோடு ரிக், உடை எல்லாம் சேர்த்து 90 என்று வைப்போம், 198 பவுண்டு. 170-ன் கீழே அது சதுர அடிக்கு 1.16 பவுண்டு. எண்பது குதிப்புக்கு அது அதிகம். 190-லேயே 1.04 வரும், அதோடு நில்லுங்கள். அப்படியானால் 190-க்கு அளவெடுத்த பைதான் நீங்கள் தேட வேண்டியது.

சூட் பற்றி ஒரே வரி: சட்டை கழன்று பறந்து கைப்பிடிகளை மூடக்கூடாது. ஷூவில் கொக்கி இருக்கக்கூடாது. ஹெல்மெட்டில் கேமரா மாட்டும் எண்ணம் இருந்தால், அமெரிக்கச் சங்கம் 200 குதிப்புக்குப் பிறகு என்கிறது. அதற்கு முன்னால் கேட்டாலும் நான் சரி சொல்ல மாட்டேன்.

அந்த அண்ணனிடம் முறித்துப் பேச வேண்டியதில்லை. பையின் அளவு எனக்குச் சரிவரவில்லை என்றால் போதும், அவருக்கே புரியும். அடுத்து எந்த ரிக் கண்ணில் பட்டாலும், தென்னாப்பிரிக்கப் பாராசூட் சங்கமான பாசாவின் அங்கீகாரம் பெற்ற ரிக்கர் ஒருவரிடம், விற்பவருக்கு வேண்டப்பட்டவராக இல்லாதவரிடம், பிரித்துக் காட்டுங்கள். ஃப்ரீஃப்ளைக்கு வாங்குகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயிற்றுவாக்குக்குப் பாஸ் ஆகும் பல ரிக்குகள் அந்தக் கேள்விக்கு ஃபெயில் ஆகும்.