பால்மாவும் முட்டையும் போதும்: புரதம் நிறைந்த சொக்லேட் புடிங்

கேள்வி: மகன் பாடசாலை வொலிபோல் அணியில் விளையாடுகிறான். பயிற்சி முடிந்து வந்ததும் சொக்லேட்தான் கேட்பான். புரதமும் சேர்கிற மாதிரி அரை மணித்தியாலத்துக்குள் வீட்டிலேயே ஏதாவது செய்து கொடுக்க முடியுமா? ஓவன் இல்லை. கேஸ் அடுப்பும் இடியப்பம் அவிக்கும் பாத்திரமும் உண்டு. தங்கை வீட்டு மைக்ரோவேவில் புரதத் தூள் போட்டு ‘மக் கேக்’ செய்து பார்த்தேன். இறப்பர் மாதிரி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. (வாசகி, ஹட்டன்)

பதில்: முடியும். அதற்கு விலை கூடிய தூள் எதுவும் தேவையில்லை. முதலில் புரதம் எங்கிருந்து வரப்போகிறது என்று பார்த்துவிடுவோம். கொக்கோ தூளில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருப்பது உண்மைதான். ஆனால் ஒருவருக்குப் போடுவது ஒரு மேசைக்கரண்டி, அதாவது 5 அல்லது 6 கிராம். அதில் கிடைப்பது 1 கிராம் புரதம். ஆகவே கொக்கோ மணத்துக்கும் நிறத்துக்கும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. நூறு கிராம் கணக்கில் பார்த்தால் முழு ஆடைப் பால்மாவில் 25 கிராம், கொழுப்பு நீக்கிய பால்மாவில் 35 கிராம், வறுத்த கச்சானில் 25 கிராம், அவித்த கொண்டைக்கடலையில் 9 கிராம், தயிரில் 4 முதல் 5 கிராம் வரை. பால்மாவைத் தேத்தண்ணிக்கு மட்டும் ஒதுக்கிவைக்கும் வீடுகள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அது தண்ணீர் நீக்கிய பால். எவ்வளவு தண்ணீரைத் திருப்பிச் சேர்ப்பது என்பது நம் கையில் இருக்கிறது. குறைவாகச் சேர்த்தால் புரதம் செறிவாக நிற்கும்.

உங்கள் சமையலறைக்குப் பொருத்தமானது ஆவியில் அவித்த சொக்லேட் புடிங். வட்டிலப்பம் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதன் பக்குவம் உடனே பிடிபடும்.

இரண்டு பேருக்கு மூன்று முட்டை, முழு ஆடைப் பால்மா மட்டமாக 6 மேசைக்கரண்டி (சுமார் 45 கிராம்), கொக்கோ தூள் 2 மேசைக்கரண்டி, சீனி 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 200 மில்லிலீற்றர், ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி வனிலா. புரதக் கணக்கு: முட்டையில் 18, பால்மாவில் 11, கொக்கோவில் 2, மொத்தம் 31 கிராம். ஆளுக்கு 15 கிராமுக்குக் குறையாது. தண்ணீருக்குப் பதிலாகக் காய்ச்சி ஆறவைத்த பசும்பாலை ஊற்றினால் ஆளுக்கு இன்னும் 3 கிராம் கூடும். வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்பது பொதுவான கணக்கு. விளையாடுகிற பிள்ளைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு கிண்ணத்தில் 15 கிராம் என்பது நல்ல பங்கு.

கொக்கோவை நேரே முட்டையில் கொட்டாதீர்கள். அதில் கொழுப்பு இருப்பதால் குளிர்ந்த ஈரத்தில் நனையாமல் கட்டி கட்டியாக மிதக்கும். 200 மில்லிலீற்றர் தண்ணீரில் நாலு மேசைக்கரண்டியைக் கொதிக்கவைத்து, கொக்கோ, சீனி, உப்பு மூன்றோடும் சேர்த்துக் குழைத்துக் கூழாக்குங்கள். சூடு பட்டதும் சொக்லேட் மணம் எழும்புவதை அப்போதே உணரலாம். மிச்சத் தண்ணீரை விரல் தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து பால்மாவைக் கரையுங்கள். கொதிநீரில் கரைத்தால் கட்டி விழும், பச்சைத் தண்ணீரில் கரைத்தால் நறநறவென்று நாக்கில் தட்டும். இரண்டு கரைசலையும் கலந்து ஆறவிட்டு, பிறகே அடித்த முட்டையில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் முட்டை அங்கேயே திரைந்துவிடும். முட்டையை நுரை வரும்படி அடிக்கத் தேவையில்லை, முள்ளுக்கரண்டியால் கலக்கினால் போதும். கடைசியில் தேயிலை வடிகட்டியில் ஒருமுறை வடித்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. முட்டையின் வெள்ளை நார்களும் கரையாத கொக்கோவும் அதில் தங்கிவிடும்.

கலவையை அகன்ற இரண்டு கிண்ணங்களில் 3 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றி, மேலே தட்டையோ அலுமினியத் தாளையோ மூடுங்கள். குளிர் கூடிய வீடுகளில் பாத்திர மூடியின் உட்புறம் தண்ணீர் அதிகம் கோத்து நிற்கும். அது சொட்டினால் மேற்பரப்பு அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆகிவிடும். மூடியை ஒரு துணியால் சுற்றிக் கட்டுவது நல்லது. ஆவி வந்த பிறகே கிண்ணங்களை உள்ளே வையுங்கள். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, மூடியின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டிக் காம்பைச் செருகிக் கொஞ்சம் ஆவி வெளியேற விடுங்கள். 12 முதல் 15 நிமிடம் பிடிக்கும். கிண்ணத்தை மெல்ல ஆட்டினால் ஓரம் அசையாமல் நடு மட்டும் தளதளவென்று ஆட வேண்டும். அந்த நிலையில் இறக்கிவிடுங்கள். உள்ளே தங்கிய சூடே மிச்ச வேலையை முடித்துவிடும். பீங்கான் கிண்ணத்துக்கு மூன்று நாலு நிமிடம் கூடுதலாகத் தேவைப்படும். எவர்சில்வரில் ஓரம் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு மெதுவான சூடு?

முட்டைப் புரதம் 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். பாலும் சீனியும் கலந்திருப்பதால் இந்தக் கலவை ஏறத்தாழ 80 பாகையில்தான் கட்டியாகும். 85ஐத் தாண்டினால் புரத வலை மேலும் சுருங்கி, பிழிந்த துணிபோல உள்ளே பிடித்துவைத்த நீரை வெளியே தள்ளிவிடும். அடியில் தண்ணீர் தேங்குவதும், வெட்டினால் ஓட்டை ஓட்டையாக இருப்பதும், கந்தக வாடை எழுவதும் இந்த ஒரே காரணத்தால்தான். பால்மாவைக் கூட்டிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. பிழை பால்மாவில் இல்லை, தீயில். அதேபோல் பிரஷர் குக்கரில் விசில் போட்டு அவிக்காதீர்கள். உள்ளே 115 பாகைக்கு மேல் ஏறும், பஞ்சு மாதிரியான ஒன்றுதான் கிடைக்கும்.

மலைநாட்டுக்கு இதில் சிறு அனுகூலம் ஒன்று இருக்கிறது. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையில் கொதித்துவிடும், ஹட்டனில் 96 பாகை அளவில். கொழும்பு ஆவியைவிட நம் ஆவி கொஞ்சம் சாந்தமானது. ஆனாலும் 85க்கு மேல்தான் நிற்கிறது, அதனால் தேக்கரண்டியைச் செருகும் உபாயம் இங்கேயும் வேண்டும். கடற்கரை ஊர்க்காரர் எழுதிய குறிப்பைப் பார்த்துச் செய்கிறவர்கள் நேரத்தை இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். நுவரெலியாவில் இன்னும் கொஞ்சம் கூடும். விறகடுப்பானால் ஆவி வந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் மட்டும் அவியுங்கள். கேஸை விட அது இந்த வேலைக்கு நன்றாகவே ஒத்துவரும்.

சீனிக்குப் பதில் கித்துள் பாணி ஊற்றலாம், சொக்லேட்டோடு அருமையாகச் சேரும். பாணியில் நீர் இருப்பதால் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டியைக் குறையுங்கள். ஆனால் சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாணி பாதுகாப்பானது என்ற பேச்சை நம்ப வேண்டாம், அதுவும் சர்க்கரைதான். முட்டை வாடை பிடிக்காத பிள்ளைகளுக்குக் கொக்கோ கூழில் அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் கோப்பித் தூள் போடுங்கள். கோப்பி தனியாகத் தெரியாது, சொக்லேட்தான் கூடுதலாகத் தெரியும். சாதிக்காய் துருவினால் வட்டிலப்பத்தின் சாயல் வந்துவிடும். சிலருக்கு அதுவே விருப்பம்.

வெள்ளிக்கிழமைக்கு

முட்டை இல்லாத நாளில் அடுப்பு மூட்டாமல் தயிரில் செய்துவிடலாம். வேலை பத்து நிமிடம். கொக்கோ ஒன்றரை மேசைக்கரண்டி, பால்மா 4 மேசைக்கரண்டி, பாணி ஒன்றரை மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, இவற்றை இரண்டு மேசைக்கரண்டி சுடுநீரில் குழைத்தால் தடித்த சொக்லேட் சோஸ் மாதிரி வரும். அது முழுதாக ஆறியதும் 250 கிராம் கெட்டித் தயிரை மூன்று தடவையாகச் சேர்த்துக் கரண்டியால் மடித்து மடித்துக் கலக்குங்கள். சூட்டோடு சேர்த்தால் தயிர் பிரியும், முட்டையடிப்பானால் அடித்தால் மோராக இளகும். கால் மணி நேரம் அப்படியே வைத்தால் பால்மா ஈரத்தை இழுத்துக் கலவை திடமாகும். மொத்தம் 20 கிராம் அளவில் புரதம். ஒரு விளையாட்டு வீரனுக்கு அல்லது இரண்டு சின்னவர்களுக்குப் போதும்.

இதற்குக் கீழ்நாட்டிலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிர்தான் சிறந்தது. மேலே தெளிந்து நிற்கும் நீரை ஊற்றிவிடுங்கள், அதில் புரதம் மிகக் குறைவு. வீட்டில் உறையவைத்த பசுந்தயிர் இளகலாக இருக்கும். அதைச் சுத்தமான துணியில் கட்டி மூன்று நாலு மணி நேரம் தொங்கவிட்டால் எடை பாதியாகி, நூறு கிராமில் 8 கிராம் புரதம் வரை நிற்கும். கோப்பை யோகட்டை இப்படி வடிக்க முயல வேண்டாம். பெரும்பாலானவற்றில் சீனியும் ஜெலட்டினும் சேர்ந்திருக்கும். ஜெலட்டின் நீரைப் பிடித்துக்கொள்ளும், ஒரு சொட்டுக்கூட இறங்காது. போதாததற்கு அது விலங்கிலிருந்து எடுப்பது, ஆகவே விரத நாளுக்கும் ஒத்துவராது. லேபிளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பாலும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் கொண்டைக்கடலை இருக்கிறது. அவித்த கடலை 150 கிராம், கச்சான் பட்டர் 2 மேசைக்கரண்டி, கொக்கோ 2 மேசைக்கரண்டி, பாணி 3 மேசைக்கரண்டி, உப்பு, மூன்று நாலு மேசைக்கரண்டி சுடுநீர். சூடாக இருக்கும்போதே மிக்ஸியில் மை போல அரைக்க வேண்டும். இரண்டு பேருக்கு மொத்தம் 22 கிராம் புரதம் கிடைக்கும். மலையில் திறந்த பானையில் கடலை லேசில் மசியாது. கொதிநிலை குறைவதன் தொல்லை இங்கேதான் தெரியும். முதல்நாள் இரவே ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் அவியுங்கள், இதற்கு விசில் தாராளமாக வரலாம். பஸ் நிலையத்தில் விற்கிற தாளித்த கடலையை வாங்கி வேலையைக் குறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். செத்தல் மிளகாயும் கொக்கோவும் எங்கோ ஒரு நாட்டில் ஒத்துப்போகலாம், இங்கே கடுகும் கறிவேப்பிலையும் கூடவே வருகின்றன.

இனி அந்த மக் கேக். புரதத் தூள் பெரும்பாலும் மோர்ப் புரதம் (whey), அதாவது பாலைத் திரைத்தால் பிரியும் நீரிலுள்ள புரதம். 70 பாகையைத் தாண்டியதும் அது ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். கோதுமை மா இருந்தால் மாச்சத்து இடையில் புகுந்து அந்தப் பிணைப்பைத் தளர்த்தும். மாவை முழுக்க எடுத்துவிட்டுத் தூளை மட்டும் போட்டால் தடுக்க எதுவும் இல்லை. மைக்ரோவேவோ சில வினாடிகளில் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடும். மறுபடி செய்வதானால் ஒரு முட்டை, தூள் ஒரு மேசைக்கரண்டிக்கு மேற்படாமல், கோதுமை மா 2 மேசைக்கரண்டி, கொக்கோ ஒரு மேசைக்கரண்டி, மசித்த வாழைப்பழம் பாதி, பால் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. உயரத்தில் வாயு அதிகம் விரியும், அளவு கூடினால் பொங்கி எழுந்து நடுவில் குழிந்துவிடும். சீனி வேண்டியதில்லை, பழமே போதும். மேற்பரப்பு இன்னும் ஈரமாக மினுங்கும்போதே நிறுத்துங்கள். 700 வாற் மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் பத்துப் பத்து வினாடியாகக் கூட்டலாம்.

கொக்கோ வாங்கும்போது பொருட்பட்டியலைப் பாருங்கள். கொக்கோ என்ற ஒன்றுதான் இருக்க வேண்டும். மோல்ட் பானத்தூளும் ‘டிரிங்கிங் சொக்லேட்’ பொடியும் பெரும்பங்கு சீனி. மாத்தளை, கண்டி, குருணாகல் பக்கம் விளையும் கொக்கோவிலிருந்து செய்த தூளும் கிடைக்கும். காரம் (உறைப்பு அல்ல, புளிப்பைத் தணிக்கும் அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தாத தூள் வெளிர் பழுப்பாகவும் லேசாகப் புளிப்பாகவும் இருக்கும். புடிங்குக்கு அது நன்று. தயிரோடு சேரும்போது புளிப்பின் மேல் புளிப்பு ஆகிவிடுவதால், தயிருக்குக் கறுத்த நிறமான, காரம் சேர்த்த தூளையே எடுங்கள்.

மீந்தால் முட்டைப் புடிங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். நுவரெலியாக் குளிர்தானே என்று இரவு முழுக்க மேசையில் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் 12, 15 பாகை என்பது நமக்குத்தான் குளிர், கிருமிக்கு இல்லை. முட்டையும் பாலும் கெடாமல் இருக்க 5 பாகைக்குக் கீழே வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் அவருக்குப் புரதம் கூட்டும் முன் வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.