பெலிஸ் நாட்டில் யார் யார் வாழ்கிறார்கள்? கேள்வி பதில்

மத்திய அமெரிக்காவின் பெலிஸில், டங்க்ரிகா என்ற கடற்கரை ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த நாட்டு மக்களைப் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், 2010 கணக்கெடுப்பில் மெஸ்டிசோ (ஸ்பானியரும் பூர்வகுடிகளும் கலந்த வழி வந்தவர்கள்) 52.9, கிரியோல் 25.9, மாயா 11.3, கரிஃபுனா 6.1, இந்திய வம்சாவளி 3.9, மென்னனைட் 3.6 சதவீதம் என்று போட்டிருக்கிறது. கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே?

தாண்டத்தான் செய்யும். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைச் சொல்லலாம் என்று அனுமதித்திருந்தார்கள். அப்பா கிரியோல், அம்மா கரிஃபுனா என்றால் இரண்டையுமே சொல்லலாம். அந்த ஊருக்கு இதுதான் நியாயமான கணக்கு. மக்கள்தொகையே 2022-இல் நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவுதான். அவ்வளவு சின்ன நாட்டில் கலக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சுற்றிலும் ஸ்பானிஷ். இங்கே மட்டும் ஆங்கிலம் ஏன் ஆட்சிமொழி?

பிரிட்டிஷ்காரர்கள் சாயமரமும் மகோகனியும் வெட்ட வந்து தங்கிவிட்ட இடம் இது. பெயரே பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்றிருந்து 1973-இல்தான் பெலிஸ் ஆனது. விடுதலை 1981-இல்.

அந்த மரவெட்டிகளின் அடிமைகளாக வந்தவர்களின் பிள்ளைகள்தானே கிரியோல்கள்? அவர்கள் எப்படி இரண்டாம் இடத்துக்குப் போனார்கள்?

ஆமாம், ஆப்பிரிக்க அடிமைகளும் பிரிட்டிஷ்காரர்களும் கலந்த வழி வந்தவர்கள். 1980 வாக்கில் அவர்கள்தான் பெரிய கூட்டம், ஏறக்குறைய 40 சதவீதம். 1961-இல் ஹேட்டி புயல் பெலிஸ் நகரத்தைச் சிதைத்த பிறகு நிறையப் பேர் அமெரிக்கா போனார்கள், போக்கு நிற்கவே இல்லை. அதே சமயம் 1980-களில் எல் சால்வடோர், குவாத்தமாலா உள்நாட்டுப் போர்களுக்குத் தப்பி ஸ்பானிஷ் பேசுபவர்கள் வந்து குடியேறினார்கள். வடக்கே கொரோசால், ஆரஞ்ச் வாக் பக்கத்து மெஸ்டிசோக்கள் அதற்கும் முன்னாடியே வந்தவர்கள். 1847-இல் மெக்சிகோவின் யுகடானில் மாயா மக்கள் ஆட்சியாளர்களை எதிர்த்துத் தொடங்கிய, 'சாதிப் போர்' என்று பெயர்பெற்ற கலகத்திலிருந்து ஓடிவந்து கரும்பு போட்டவர்கள்.

அண்ணா, கரிஃபுனா மக்களைப் பற்றி விரிவாகச் சொல்லுங்களேன்.

நான் அவர்கள் ஊரில் இருந்தவன், சொல்லாமல் விடுவேனா? செயின்ட் வின்சென்ட் தீவில் ஆப்பிரிக்கர்களும் அந்தத் தீவின் பூர்வகுடிகளும் கலந்து உருவான மக்கள் இவர்கள். பிரிட்டிஷாரை எதிர்த்து நின்று தோற்றார்கள். பாலிசோ என்ற சிறு தீவில் அடைத்து வைத்திருந்தபோதே ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள். மிச்சம் இருந்தவர்களை 1797-இல் ஹோண்டுராஸின் ரொவாத்தான் தீவில் கொண்டு தள்ளினார்கள். அங்கிருந்து கரையோரமாகப் பரவி பெலிஸுக்கு வந்தார்கள். நவம்பர் 19 அன்று அந்த வருகையைத் திரும்ப நடித்துக் காட்டுவார்கள். விடியற்காலையில் படகுகள் கரை சேரும். மேளச்சத்தம் கேட்கும், வந்து இறங்குபவர்கள் கையில் மரவள்ளிக் குச்சியும் இலையும் இருக்கும்.

மரவள்ளி அவர்களுக்கு வெறும் கிழங்கு இல்லை. கசப்பு மரவள்ளியில் விஷம் உண்டு. துருவி, ருகுமா என்ற நீண்ட பின்னல் பையில் திணித்துத் தொங்கவிட்டு, இழுத்து முறுக்கிச் சாற்றைப் பிழிந்துவிட்டுத்தான் எரெபா என்ற ரொட்டி சுடுவார்கள். ஹூதூத் சாப்பிட்டால் நம் ஊர் ஞாபகம் வரும். வாழைக்காயை உரலில் போட்டு உலக்கையால் இடித்து உருண்டையாக்கி, தேங்காய்ப்பாலில் வெந்த மீன்குழம்போடு தருவார்கள். பக்கத்து வீட்டில் அந்த இடிக்கும் சத்தம் கேட்டால் எனக்கு வேலை ஓடாது.

ஆனால் பிள்ளைகள் வீட்டில் கரிஃபுனா பேசுவது குறைந்துவருகிறது. 2001-இல் யுனெஸ்கோ இந்த மொழி, இசை, நடனத்தை மனிதகுலப் பாரம்பரியம் என்று அறிவித்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாட்டி பேத்தியிடம் பேசினால்தான் மொழி நிற்கும்.

இந்தியர்கள் எப்படி அங்கே?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஜமைக்கா வழியாக வந்தவர்களும் உண்டு. கொரோசால் மாவட்டத்தில் கல்கத்தா என்றே ஒரு கிராமம் இருக்கிறது. மஞ்சளை 'எல்லோ ஜிஞ்சர்' என்பார்கள். தாய்மொழி போய்விட்டது, மஞ்சள் போட்ட கறி தங்கிவிட்டது.

மென்னனைட்?

ஜெர்மானிய வழி கிறிஸ்தவ விவசாயிகள். 1957-இல் அரசோடு ஒப்பந்தம் செய்து, அடுத்த ஆண்டு மெக்சிகோவிலிருந்து வந்தார்கள். ராணுவச் சேவை கிடையாது, பள்ளிகள் சொந்தம். நாட்டின் கோழியும் பாலும் பெரும்பாலும் இவர்கள் உழைப்பு. இவர்களுடைய ஊர்களில் பழைய முறை விடாத ஷிப்யார்டில் குதிரைவண்டி ஓடும், ஸ்பானிஷ் லுக்அவுட்டில் டிராக்டர் ஓடும்.

மாயாக்கள் அழிந்துவிட்டார்கள் என்றல்லவா படித்தோம்?

தயவுசெய்து அதை நம்பாதீர்கள். யுகடெக், மோப்பான், கெக்சி என்று மூன்று மாயா மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். தெற்கே டொலேடோ மாவட்ட மாயா கிராமங்கள் வழக்குப் போட்டு, 2015-இல் கரீபிய நீதிமன்றத்தில் தங்கள் மரபுவழி நில உரிமையை உறுதி செய்துகொண்டன.

சரி, இத்தனை பேரும் ஒருவரோடு ஒருவர் எந்த மொழியில் பேசுவார்கள்?

பள்ளியில் ஆங்கிலம். வடக்கிலும் மேற்கிலும் ஸ்பானிஷ் நிறைய. ஆனால் சந்தையில், பஸ்ஸில் ஆங்கிலத்திலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான், அது எந்த இனத்தவர் வாயிலும் வரும். போனால் முதலில் 'வெ டி கோ ஆன்?' என்று கேளுங்கள், 'என்ன விசேஷம்?' என்று அர்த்தம். அப்புறம் உங்களை யாரும் அந்நியராகப் பார்க்க மாட்டார்கள்.