12 பேரோடு லண்டன் ஜமீல் பரிசுக் கண்காட்சிக்குப் போகிறோம். யாருக்கும் இஸ்லாமியக் கலை பற்றிப் பெரிதாகத் தெரியாது. எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் தேதியைச் சரிபாருங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் ஆர்ட் ஜமீல் அமைப்பும் சேர்ந்து 2009இல் தொடங்கிய பரிசு இது. இஸ்லாமிய மரபில் ஊக்கம் பெற்ற இன்றைய கலைக்கும் வடிவமைப்புக்கும் 25,000 பவுண்டு தருகிறார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் படைப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில மாதங்கள் மட்டுமே காட்சியில் இருக்கும். ஏழாவது சுற்று 2024 நவம்பர் முதல் 2025 மார்ச் வரை நடந்தது.

போகிற நாளில் நேராகக் கண்காட்சி அரங்குக்குள் நுழையாதீர்கள். அதே கட்டடத்தில் 42ஆம் அறை மத்திய கிழக்கின் இஸ்லாமியக் கலைக்கானது, நிரந்தரக் காட்சி, இலவசம். முதல் அரை மணி நேரத்தை அங்கே செலவிடுங்கள். இன்றைய கலைஞர் மரபிலிருந்து எதை எடுத்துக்கொண்டார், எதை உடைத்தார் என்பது பழையதைப் பார்த்த கண்ணுக்குத்தான் பிடிபடும்.

அறையின் நடுவே தரையில், கண்ணாடிக்குள் கிடப்பது ஈரானின் அர்தபீல் கம்பளம். சுமார் 10.5 மீட்டர் நீளம், 5.3 மீட்டர் அகலம். சாயம் வெளுக்காமலிருக்க வெளிச்சத்தை மங்கலாகவே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் 10 நிமிடம் மட்டும் கூட்டுவார்கள். அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே எல்லோரும் அங்கே நிற்க வேண்டும், இல்லையென்றால் நிறங்கள் தெரியாது. நடுவிலுள்ள பதக்கம் போன்ற வடிவத்தின் இரு பக்கமும் தொங்குகிற விளக்குகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சிறிய விளக்கின் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அளவாகத் தெரியவே இப்படி நெய்தார்கள் என்பது ஒரு கருத்து. இறைவன் ஒருவனே குறையற்றவன் என்பதால் வேண்டுமென்றே விட்ட குறை என்பது இன்னொன்று. முடிவு தெரியாத விஷயம் இது. பாதிப் பேரை ஒரு முனையிலும் மீதிப் பேரை எதிர் முனையிலும் நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பேச்சு தானாகத் தொடங்கும்.

கம்பளத்தின் ஒரு முனையில் எழுத்து இருக்கிறது. அரபு எழுத்தைக் கண்டாலே குர்ஆன் வசனம் என்று நினைத்துவிடுவது குழுக்களில் வழக்கமாக நடக்கும் தவறு. இங்கே இருப்பது பாரசீகக் கவி ஹாஃபிஸின் ஈரடி. அதன் கீழே மக்சூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும், அதாவது 1539-40. உருவமே கூடாது என்ற நினைப்பும் இதே அறையில் கலையும். அரண்மனைக்கும் வீட்டுக்கும் செய்த பொருள்களில் மனிதர்களும் விலங்குகளும் நிறையவே உண்டு. தவிர்த்தது பெரும்பாலும் பள்ளிவாசலிலும் குர்ஆன் பிரதிகளிலும்தான்.

பிறகு கெய்ரோவிலிருந்து வந்த 15ஆம் நூற்றாண்டு மிம்பர், சுல்தான் காயித்பே காலத்து மரப் பிரசங்க மேடை. பக்கவாட்டில் தந்தமும் மரமும் இழைத்த நட்சத்திரங்கள். ஒவ்வொருவரும் ஒரு நட்சத்திரத்தின் முனைகளை எண்ணட்டும். 6 அல்லது 12 என்றால் அறுகோணத்திலிருந்து பிறந்தது. 8 அல்லது 16 என்றால் சதுரத்திலிருந்து. 10 என்றால் ஐங்கோணத்திலிருந்து. ஒரு வட்டத்துக்குள் சதுரம் போட்டு, இன்னொரு சதுரத்தை 45 டிகிரி திருப்பி அதன்மேல் வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் வந்துவிடும். ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். காட்சி அறைகளில் பேனா வேண்டாம். கோலம் போட்டபின் புள்ளி மறைவதுபோல இந்த வட்டங்களும் முடிந்த வேலையில் தெரியாது. எல்லோரும் நடுவையே பார்ப்பார்கள், நீங்கள் ஓரத்தைக் காட்டுங்கள். சுற்றியுள்ள மரச் சட்டத்தில் பாதி நட்சத்திரம் வெட்டுப்பட்டு நிற்கும். வடிவம் அதற்கு அப்பாலும் போகிறது என்பதற்கான குறிப்பு அது.

இப்போது கண்காட்சிக்குப் போகலாம். என்ன இருக்கும் என்பது சுற்றுக்குச் சுற்று மாறும், ஆனால் பார்க்கும் முறை ஒன்றுதான்: முதலில் எதனால் ஆனது, பிறகு எப்படிச் செய்தது, கடைசியில்தான் விளக்கப் பலகை. 2009இல் முதல் சுற்றில் வென்ற அஃப்ரூஸ் அமீகியின் படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் விழும் நிழலில் அரண்மனைத் தோட்டம் மாதிரி நுணுக்கமான அலங்காரம். தொங்கும் திரையோ அகதிக் கூடாரங்களுக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் விரிப்பு, சூடான முனையால் கையாலேயே வெட்டியது. பலகையை முதலில் படித்துவிட்டால் அழகிலிருந்து கூடாரத்துக்குப் போகும் அந்த அதிர்ச்சி கிடைக்காது. 2021இல் வென்ற அஜ்லான் காரிமின் பள்ளிவாசலும் அப்படித்தான்: வடிவம் பழகியது, சுவரெல்லாம் கம்பி வலை வேலி.

2016இல் வென்ற பாகிஸ்தானின் குலாம் முகம்மது பழைய உருதுப் புத்தகங்களிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி, தாள்களை அடுக்கி ஒட்டிச் செய்த வஸ்லி தாளில் ஒட்டுபவர். எட்ட நின்றால் அது வெறும் நெசவு. கிட்டே போனால்தான் எழுத்து, அதுவும் படிக்க முடியாத எழுத்து. இந்த மாதிரிச் சிறிய படைப்பு முன் 12 பேர் நின்றால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. நாலு நாலு பேராகப் பிரித்து, வேறு வேறு முனைகளில் தொடங்க விடுங்கள்.

கட்டடக் கலைஞர்களுக்கும் இந்தப் பரிசு உண்டு. அரங்கில் மாதிரியும் படங்களும்தான் இருக்கும் என்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது பெரிய இழப்பு. 2018இல் பரிசைப் பகிர்ந்த மரீனா தபஸ்ஸுமின் டாக்கா பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலுக்குக் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. சதுரத்துக்குள் ஒரு வட்டம், அதற்குள் தொழுகைக் கூடம். மனையின் அச்சுக்கும் கிப்லாவுக்கும், அதாவது மக்காவை நோக்கிய தொழுகைத் திசைக்கும், 13 டிகிரி வித்தியாசம், அதைச் சரிசெய்யவே அந்த வட்டம். மிம்பர் முன் வட்டமும் சதுரமும் போட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

வீடியோ படைப்புகள்தான் நேரத்தைத் தின்னும். 2024 சுற்றின் கருவே அசையும் படங்கள்தான். வென்றது, தன் மாமாவின் சேகரிப்பைப் பற்றி மேற்கு வங்கத்தின் கந்தகார் ஓஹிதா எடுத்த படம். பலகையில் நீளத்தைப் பார்த்து, முழுதாகப் பார்க்க இரண்டை மட்டும் முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நிமிடம் நின்றால் ஒன்றும் மனதில் தங்காது.

மொத்தம் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். மியூசியம் தினமும் காலை 10 முதல் மாலை 5.45 வரை, வெள்ளிக்கிழமை இரவு 10 வரை. முடிந்தால் வெள்ளி மாலையே போங்கள். சவுத் கென்சிங்டன் நிலையத்திலிருந்து சுரங்கப் பாதையிலேயே நடந்து வந்துவிடலாம். குழு முன்பதிவுக்கு மியூசியத்தோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.