கொல்லையில் அசையும் எச்சமும் சுவரோரக் குழிகளும்

காரைக்குடி வீட்டுக் கொல்லையில், பங்குனி வெயிலில், கறிவேப்பிலை இலையில் ஒட்டிய பறவை எச்சம் நகர்கிறது, சுவரோர மண்ணில் புனல் போன்ற குழிகள் தெரிகின்றன, இவை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நகர்வது எச்சமன்று, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பறவை தின்னாதிருக்கப் போட்ட வேடம் அது! வளர்ந்ததும் இலைப்பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அப்போது மெல்லத் தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற உறுப்பை நீட்டி நாற்றம் கிளப்பும். நாலு இலை போனால் போகட்டும், மருந்தடிக்காதீர்கள்.

குழிகள் குழிநரியின் வேலை; பெயர்தான் நரி, அது ஒரு பூச்சியின் இளம்புழு. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஓட்டுச் சரிவுக்குக் கீழே மழை படாத பொடிமண் இருக்கும். அதற்கு அந்த இடம்தான் வேண்டும். பின்புறமாகவே நகர்ந்து, வட்டமிட்டுக் குழி பறித்து, அடியில் தாடையை மட்டும் நீட்டிப் புதைந்திருக்கும். விளிம்பில் எறும்பு தடுமாறினால் மண்ணை வீசிச் சரித்து வீழ்த்தும். சதையைத் தின்பதில்லை, தாடை வழியே சாற்றை உறிஞ்சிவிட்டு, கூட்டை வெளியே எறிந்துவிடும். பின்னாளில் கூட்டுப்புழுவாகி, தும்பியைப் போன்ற சிறகுகளோடு வெளிவரும். உணர்கொம்பு நீண்டு நுனி தடித்திருந்தால் அது தும்பியல்ல, குழிநரிதான்.

ஈர்க்குச்சியால் குழியின் விளிம்பை லேசாகச் சுரண்டுங்கள், எறும்பென்று எண்ணி மண்ணை வாரி வீசும்.