பள்ளமா, தேய்மானமா? முட்டியில் சொந்த செல் வைக்கும் முன்

கேள்வி: எனக்கு வயது 31. ஊர் கடலூர் முதுநகர். இரண்டு வருடத்துக்கு முன் கபடி ஆடும்போது வலது முட்டி திருகிக்கொண்டது. இப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், தொடை எலும்பின் முனையில் உள்ள குருத்தெலும்பில் 3 சதுர செ.மீ. பள்ளம் என்று வந்திருக்கிறது. என் செல்லையே எடுத்து வளர்த்து வைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா டாக்டர்? 62 வயதாகும் அம்மாவுக்கும் முட்டித் தேய்மானம். அவருக்கும் இதையே செய்துவிடலாமா?

பதில்: உங்களுக்குச் செய்யலாம், இரண்டு விஷயங்களைச் சரிபார்த்த பிறகு. அம்மாவுக்கு இது வேண்டாம்.

முட்டிவலி என்று வருபவர்களில் பாதிப் பேர் “ஜவ்வு போயிடுச்சு” என்றுதான் சொல்வார்கள். எந்த ஜவ்வு என்பதில்தான் வைத்தியமே இருக்கிறது. எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் தசைநார் ஒன்று. நடுவில் மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸ் இன்னொன்று. எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மூன்றாவது. உங்களுக்குச் சேதமானது மூன்றாவது. மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்த்தால், நல்ல குருத்தெலும்பு இளநீர் வழுக்கைபோல வெள்ளையாக, வழவழவென்று மின்னும். அடிபட்ட இடம் ஓரமெல்லாம் நார் நாராகப் பிரிந்து, அடியில் எலும்பு தெரியும். குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் தோலில் பட்ட காயம்போல அது தானாக ஆறுவதில்லை.

இந்தச் சிகிச்சையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1987இல் தொடங்கி, முடிவுகளை 1994இல் வெளியிட்டார்கள். முதலில் சாவித்துவார அறுவையில், உடல் எடை அதிகம் விழாத ஓரத்திலிருந்து 200 முதல் 300 மில்லிகிராம் குருத்தெலும்பு எடுப்பார்கள். பத்துப் பன்னிரண்டு அரிசி மணியின் எடைதான். ஆய்வகத்தில் 4 முதல் 6 வாரம் வளர்த்தால் செல்கள் ஒரு கோடியைத் தாண்டும். இரண்டாவது அறுவையில் பள்ளத்தின் ஓரத்தைச் சுத்தமாகச் செதுக்கி, அவற்றைக் கொலாஜன் சவ்விலோ பசைபோன்ற ஜெல்லிலோ ஏற்றி உள்ளே பதிப்பார்கள். சிறிய பள்ளத்துக்கு எலும்பில் நுண்துளை போடும் எளிய முறையே போதும். 2 சதுர செ.மீ.க்கு மேல் போகும்போதுதான் செல் சிகிச்சைக்கு அர்த்தம் வருகிறது. உங்கள் பள்ளம் அந்த அளவில்தான் இருக்கிறது.

சரிபார்க்க வேண்டிய இரண்டையும் சொல்கிறேன். திருகிய முட்டியில், அதை ஆடாமல் பிடித்துவைக்கும் முன் சிலுவைத் தசைநாரும் (ஏ.சி.எல்.) அறுந்திருக்கலாம். முட்டி ஆடிக்கொண்டே இருந்தால், புதிதாக வைத்த திசு அரைபட்டுப் போகும். கால் வில்போல வளைந்திருந்தாலும் அப்படித்தான், எடை முழுக்க ஒரே பக்கம் விழும். இதில் எது இருந்தாலும் முன்பாகவோ கூடவேயோ சரிசெய்தாக வேண்டும். இதைப் பார்க்காமல் செல்லைப் பற்றி மட்டும் பேசுகிற இடத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

அம்மா விஷயம் வேறு. உங்கள் ஊரில் வலையில் ஓர் இடம் கிழிந்தால் உட்கார்ந்து முடிந்துவிடுவார்கள். முழு நூலும் இற்றுப்போன வலையில் முடிச்சு எங்கே நிற்கும்? தேய்மானத்தில் பள்ளத்துக்குக் கரை இல்லை, எதிர்ப்பக்க எலும்பும் தேய்ந்திருக்கும். தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, தரையில் குந்தாமல் இருப்பது, வீட்டில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட். இவற்றில் அவருக்கு நிஜமான நிம்மதி கிடைக்கும். மிகவும் முற்றினால் மூட்டு மாற்று இருக்கிறது. ‘ஸ்டெம் செல் ஊசி’ (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூல செல்லை ஊசியில் போடுவது) என்று யாராவது அழைத்தால் போக வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சிதான். உங்களுக்குச் சொல்லப்பட்டது ஸ்டெம் செல் அல்ல, முதிர்ந்த குருத்தெலும்பு செல். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பலருக்கும் தாங்க முடியாதது அறுவை அல்ல, அதற்குப் பிறகான காத்திருப்பு. 6 வாரம்வரை ஊன்றுகோல், அந்தக் காலில் முழு எடை கூடாது. ஓட ஒரு வருடம் ஆகலாம், கபடிக்கு அதற்கும் மேல். ஏறி இறங்கும் வேலையாக இருந்தால், விடுப்பு, சம்பளம் எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். ஆய்வகச் செலவு தனியாக வருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

புதுச்சேரி ஜிப்மர் எலும்பு வெளிநோயாளர் பிரிவில் இரண்டாம் கருத்துக் கேட்கலாம். போகும்போது எம்.ஆர்.ஐ. படத்தோடு, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். அம்மாவுக்கும் படுக்கவைத்து எடுத்தது போதாது, நின்றபடி ஒன்று எடுத்துவிடுங்கள்.