அண்ணன் ஏமாற்றினால் ஸ்டோயிக் கடமை என்ன?

அண்ணன் பணத்தில் ஏமாற்றினாலும் பொறுத்துப்போவதுதான் ஸ்டோயிக் (பழைய கிரேக்கத் தத்துவப் பள்ளி) கடமையா என்று கேட்கிறீர்கள். இல்லை, "தம்பியாக உன் நிலையைக் காத்துக்கொள்" என்று ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸ் சொல்வதற்கு, அண்ணனிடம் ஏமாந்து நில் என்று அர்த்தமில்லை. அவருடைய போதனைகளின் சுருக்கமான கைநூலின் 30ஆம் பகுதி கேட்பது ஒன்றுதான்: அண்ணன் செய்வதை விடு, உனக்கு எது தகும்?

நீங்கள் "கடமை" என்ற சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்டோயிக் பள்ளியை நிறுவிய ஸீனோ புழக்கத்துக்குக் கொண்டுவந்த கிரேக்கச் சொல் "கதேகோன்". கட்டளை அல்ல, பொருத்தமான செயல்.

சரி, இப்படிச் சோதியுங்கள். எதற்கும் இரண்டு கைப்பிடி உண்டு, அதாவது எதையும் இரண்டு விதமாக அணுகலாம் என்கிறது கைநூலின் 43ஆம் பகுதி. கணக்குக் கேட்டு அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முதலில் "அநியாயக்காரன்" என்ற பிடியில், அப்புறம் "கூட வளர்ந்தவன்" என்ற பிடியில். இரண்டாவதை அனுப்புங்கள். கேட்கும் தொகை மாற வேண்டியதில்லை.

ஒன்று: அதே 30ஆம் பகுதி, அப்பா அடித்தாலும் பொறு என்கிறது. அதை நான் ஏற்பதில்லை.