கை பரபரத்தது எனக்குத்தான்

ஏழு வயது மகள் எது கொஞ்சம் கடினமாக இருந்தாலும் "எனக்கு வராது" என்று விட்டுவிடுகிறாள், விடாமுயற்சியை எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பையனும் அப்படித்தான் இருந்தான். ஒரு வருடம் போல அவனைத் திருத்தப் பார்த்தேன். திருத்த வேண்டியது என்னைத்தான் என்பது ஷூ லேஸ் கட்டும்போதுதான் பிடிபட்டது.

அவன் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு திணறுவான். பத்து எண்ணுவதற்குள் நான் குனிந்து, "கொடு, இப்படி" என்று கட்டிவிடுவேன். நாளடைவில் அவன் முயன்றுகூடப் பார்க்காமல் காலை நீட்டத் தொடங்கினான். அவனைக் குறை சொல்ல முடியுமா? நீட்டினால் வேலை முடிகிறதே!

ஜூலியா லெனார்ட் என்ற உளவியலாளரின் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தபோது கொஞ்சம் சுருக்கென்றது. நான்கைந்து வயதுக் குழந்தைகள் புதிர் ஒன்றோடு மல்லுக்கட்டும்போது பெரியவர் நடுவில் புகுந்து தானே முடித்துக்கொடுத்தால், அடுத்துத் தரும் வேறொரு கடினமான வேலையை அந்தக் குழந்தைகள் சீக்கிரமே கைவிட்டார்களாம். லேஸில் நான் செய்த உதவி கணக்குப் பாடம் வரைக்கும் போயிருக்கும் போல.

சரி, அதற்காக "நீயே பண்ணு" என்று விட்டுவிட்டுப் போனால் அழுகைதான் மிஞ்சும். எனக்குப் பலன் தந்தது, பின்னாலிருந்து தொடங்குவது. முடிச்சு, வளையம் எல்லாம் நானே போட்டு, கடைசியாக இழுத்து இறுக்குவதை மட்டும் அவனிடம் விட்டேன். அது வந்ததும், வளையத்தை உள்ளே நுழைப்பதும் அவன் பொறுப்பு. இப்படி ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்ந்தோம். இதில் உள்ள வசதி, எந்த நாளும் வேலை முடிந்த திருப்தி அவன் கையிலேயே இருக்கும். பாதியில் நின்ற தோல்வி இருக்காது. கணக்கிலும் இதே வழிதான்: கடைசி வரியை மட்டும் விட்டு மற்றதைப் போட்டுக் காட்டுவேன். அவன் மாட்டிக்கொண்டால் விடை சொல்லாமல், "இதுவரை என்ன தெரிந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். மூடிக்கொள்வதுதான் ரொம்பக் கஷ்டம்.

பாராட்டைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். 1998-ல் முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் ஒருமுறை தோற்றதும், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடச் சீக்கிரம் சோர்ந்தார்கள். ஆனால் சும்மா "நல்ல முயற்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். "இந்தத் தடவை வளையத்தைச் சின்னதாகப் பிடித்தாய், அதான் நழுவவில்லை" என்று பார்த்ததைச் சொல்லுங்கள், போதும்.

அப்புறம், நாம் திணறுவதையும் அவர்கள் பார்க்கட்டும். பதினைந்து மாதக் குழந்தைகள்கூட, பெரியவர் ஒருவர் பாடுபட்டு ஒன்றைத் திறப்பதைப் பார்த்துவிட்டால், தங்கள் முறை வரும்போது கூடுதலாக முயல்கிறார்கள் என்பதை 2017-ல் ஓர் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். நான் இப்போது இறுகிய பாட்டில் மூடியைத் தனியாகப் போய்த் திறப்பதில்லை, அவன் முன்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு திறக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாசிப்பதிலோ, பலகையைப் பார்த்து எழுதுவதிலோ மட்டும் மகள் தொடர்ந்து பின்வாங்கினால், முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் சிரமம் இருக்கிறதா என்றும் அதைப் பற்றி நன்கு அறிந்த நிபுணரிடம் காட்டுங்கள். அங்கே விடாமுயற்சியைப் பற்றிப் பேசுவது கொடுமை. பசியும் தூக்கமும் இருக்கும் நேரத்திலும் அப்படித்தான். அப்போது மூடிவைத்துவிட்டு நாளை பார்க்கலாம்.

லேஸ் என்ன ஆயிற்று என்கிறீர்களா? போன வாரம் ஒரு ஷூவின் லேஸை முழுக்க அவனே கட்டினான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இன்னொரு ஷூவுக்கு நான்தான் கட்டினேன், பள்ளிக்கு நேரமாகிவிட்டது.